பாப்பாவுக்கு 46, அம்மாவுக்கு 45: ஒரு குடும்பத்தோட குரோமோசோம் ரிப்போர்ட்

ரிப்போர்ட்டை கையில வச்சிக்கிட்டு சிரிச்ச முகத்தோட உள்ள வந்தாங்க. எங்க ஜெனடிக் கவுன்சலிங் ரூமுக்குள்ள (பரம்பரையா, குரோமோசோம்ல வர்ற பிரச்சனைகளைப் பத்தி குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ற இடம்) அப்படி வர்றவங்க ரொம்ப கம்மி, அதனாலயே எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கு. அஞ்சு மாச பாப்பா, தூக்கி வச்சிருந்த அம்மாவுக்கு 24 வயசு, கூட அப்பா, அவரோட சித்தி பையன் ஒருத்தர். பயோடெக் படிச்ச அந்த சித்தி பையன்தான் மெயில்ல வந்த ரிப்போர்ட்டை முதல்ல படிச்சுட்டு, மனுஷனுக்கு ஒவ்வொரு செல்லுலயும் 46 குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்கிற இழை) இருக்கணும், பாப்பாவுக்கு 46 தான் போட்டிருக்கு, அப்போ நார்மல்னு வீட்ல சொல்லிருக்காரு. அவங்களும் நேரா கோயிலுக்குப் போய் பொங்கல் வச்சிட்டு அடுத்த நாள் எங்ககிட்ட வந்துட்டாங்க. அப்பா கேட்ட முதல் கேள்வியே "மேடம், ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, அப்போ டவுன் சிண்ட்ரோம்னு சொன்னது தப்பு தானே?"

அடையாளம் தெரியக்கூடாதுங்கிறதால ஊர், உறவு, வயசுல சிலதை மாத்திருக்கேன். மத்தபடி இது எப்படி ஆரம்பிச்சு எங்கெல்லாம் போச்சோ அப்படியே எழுதுறேன்.

மொதல்ல பாப்பாவைப் பத்தி. பொறந்தப்பவே உடம்பு தொளதொளன்னு இருந்திருக்கு, பால் குடிக்க திணறியிருக்கா, கண்ணு மேல்நோக்கி சாஞ்சிருக்கு, உள்ளங்கையில ஒரே கோடு. அவங்க ஊர்ல பாத்த குழந்தை டாக்டர் அன்னைக்கே டவுன் சிண்ட்ரோம்னு சொல்லிட்டாரு. குரோமோசோம் டெஸ்ட் எடுக்கணுமான்னு இவங்க கேட்டதுக்கு "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, எதுக்கு வீணா செலவு பண்றீங்க"ன்னிருக்காரு. இந்த ஒரு வாக்கியத்தை வாரத்துக்கு ரெண்டு குடும்பமாவது எங்ககிட்ட வந்து ஒப்பிக்குது. அந்த டாக்டரை ஒரேயடியா குத்தம் சொல்லவும் முடியாது, ஏன்னா பாப்பாவை மட்டும் வச்சு யோசிச்சா அவர் சொன்னது பாதி சரி. டவுன் சிண்ட்ரோம் எந்த வகையில வந்திருந்தாலும் பாக்க வேண்டிய வைத்தியம் ஒண்ணேதான், இதயத்துக்கு எக்கோ, தைராய்டு டெஸ்ட், காது, கண்ணு, பிஸியோதெரபி. மாறுறது எது, மாறாதது எதுங்கிறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

எக்கோவுல பெரிய ஓட்டை, மேல் அறை கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல சுவரும் வால்வும் ஒழுங்கா உருவாகாத வகை, ஏவிஎஸ்டின்னு சொல்வாங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு இதயக் குறை இருக்கும், அதுல இது ரொம்ப சகஜம். ஆப்பரேஷனுக்கு முந்தி இதய டாக்டர்தான் கேரியோடைப், அதாவது குரோமோசோமை எண்ணிப் பாக்கிற டெஸ்ட், எடுத்துட்டு வாங்கன்னு பிடிவாதமா அனுப்பினாரு. அவர் மட்டும் கேக்காம விட்டிருந்தா இந்த கேஸே எங்களுக்கு வந்திருக்காது.

இப்போ அந்த 46. டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்கள்ல சுமார் 95 சதவீதம் பேருக்கு 21ஆம் குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு தனித்தனியா இருக்கும், மொத்தம் 47. 1959ல பாரிஸ்ல லெஜ்யூன், மார்த் கோத்தியே, துர்பாங் மூணு பேரும் சேர்ந்து வெளியிட்டது இதைத்தான். மனுஷனுக்கு 46 குரோமோசோம்னே அதுக்கு மூணு வருஷம் முந்தி, 1956ல தான் ஸ்வீடன்ல ஜியோவும் லேவானும் சரியா எண்ணிச் சொன்னாங்க, அதுவரைக்கும் உலகமே 48னு நம்பிக்கிட்டு இருந்துச்சு! பாரிஸ்காரங்க சொன்னதுக்கு அடுத்த வருஷமே, 1960ல, லண்டன்ல போலானி குழு ஒரு பொண்ணைப் பாத்தாங்க, டவுன் சிண்ட்ரோம் தெளிவா இருக்கு, ஆனா எண்ணினா 46 தான். நம்ம சித்தி பையனுக்கு வந்த அதே குழப்பம் அறுபது வருஷத்துக்கு முந்தியே வந்தாச்சு. பதில் என்னன்னா, மூணாவது 21 அங்கதான் இருக்கு, தனியா நிக்காம இன்னொரு குரோமோசோமோட முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கு. டவுன் சிண்ட்ரோம்ல நூத்துக்கு மூணு நாலு பேருக்கு இப்படி. நம்ம பாப்பா ரிப்போர்ட்ல 46ஓட நிக்காம, 14ம் 21ம் ஒட்டின ஒரு குரோமோசோம், கூடவே ப்ளஸ் 21னு ஒரு வால் இருந்துச்சு. அந்த வாலை அவரு படிக்கல, படிச்சாலும் அந்தக் குறியீடு புரிஞ்சிருக்காது, அது வேற விஷயம்.

சந்தோஷமா வந்தவங்ககிட்ட இதைச் சொல்றது இருக்கே. சொன்னேன். பாப்பா அம்மா ஒண்ணும் பேசல, பாப்பாவை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டாங்க. அப்பாதான் கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ பொங்கல் வச்சது வேஸ்ட்டா"ன்னு சிரிக்கிற மாதிரி கேட்டுட்டு வெளியில போயிட்டாரு.

டப்புன்னு அடுத்த விஷயத்துக்குப் போக முடியாது, ஆனா போகாமலும் இருக்க முடியாது. மூணு தனி 21 இருந்திருந்தா அது பெரும்பாலும் தற்செயல், கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுறப்போ பிரியவேண்டியது பிரியாம போனது, அப்பா அம்மா ரத்தத்தை டெஸ்ட் பண்ணவே வேணாம், அடுத்த குழந்தைக்கு ரிஸ்க் சுமார் ஒரு சதவீதம்னு சொல்லி அனுப்பியிருப்போம். ஒட்டின வகைன்னா கதை வேற. அது பாப்பாகிட்ட புதுசா ஆரம்பிச்சிருக்கலாம், இல்ல அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கலாம். ரத்தம் பாக்காம எதுன்னு சொல்லவே முடியாது. நான் மேல சொன்ன மாறுறது மாறாதது இதுதான். பாப்பாவோட வைத்தியம் மாறாது, ஆனா பாப்பாவைச் சுத்தி இருக்கிற அத்தனை பேரோட கணக்கும் மாறிடும். டெஸ்ட் பாப்பா பேர்ல எடுத்தாலும் ரிசல்ட் அவ ஒருத்திக்கு மட்டும் சொந்தம் இல்ல.

ரெண்டு பேர்கிட்டயும் பச்சை மூடி டியூப்ல ரத்தம் எடுத்தோம். அந்த பச்சை மூடி முக்கியம், உள்ள ரத்தம் உறையாம வைக்கிற ஹெப்பாரின் இருக்கும், செல் உயிரோட இருக்கணும். ஊதா மூடியில எடுத்து அனுப்பி கெடுத்த சாம்பிள் எத்தனையோ. சர்க்கரை டெஸ்ட் மாதிரி சாயங்காலம் ரிசல்ட் வராது, வெள்ளை அணுக்களை 72 மணி நேரம் இன்குபேட்டர்ல வளக்கணும், பீன்ஸ்ல இருந்து எடுக்கிற ஒரு புரதத்தைப் போட்டுத் தூண்டிவிட்டாதான் அது பிரிய ஆரம்பிக்கும், பிரியுற நேரம் பாத்து மருந்து போட்டு அப்படியே நிறுத்தணும், உப்புத் தண்ணியில ஊதவைக்கணும், ஸ்லைடுல சொட்டு விடணும், சாயம் ஏத்தி வரிவரியா தெரிய வச்சு, குறைஞ்சது இருபது செல்லை எண்ணணும். இதெல்லாம் இன்னமும் மனுஷக் கண்ணால பாத்து பண்ற வேலைதான், ஏதோ மெஷின்ல ரத்தத்தை ஊத்தினா பேப்பர் வருதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லி அனுப்பிச்சோம்.

அப்பாவுக்கு 46, எல்லாம் சரி. அம்மாவுக்கு 45.

"ஒண்ணு கொறையுதா? எனக்கா?" அந்தப் பொண்ணு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, கையில ஏதோ தெரியுற மாதிரி. காலேஜ் முடிச்சு, ஒரு பேங்க்ல வேலையும் பாத்த பொண்ணு, ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தது இல்ல.

நான் இதுக்கு டேபிள் டிராயர்ல ஸ்ட்ரா வச்சிருக்கேன், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா. நீளமா ரெண்டு நீலம், அதுதான் 14. குட்டையா ரெண்டு சிவப்பு, அது 21. ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் நுனியில துளி வெட்டிட்டு செலோடேப் போட்டு ஒட்டினா எண்ணிக்கையில ஒண்ணு கொறையும், ஆனா ஸ்ட்ரா எல்லாம் அங்கேயே இருக்கு. வெட்டின அந்தத் துளி? 13, 14, 15, 21, 22ங்கிற அஞ்சு குரோமோசோமுக்கும் மேல் பக்கத்துத் துண்டு (மேல் கைன்னு சொல்வோம்) ரொம்பக் குட்டி, அதுல இருக்கிற சமாச்சாரம் மத்ததுலயும் காப்பி இருக்கு, ரெண்டு துளி போனா உடம்புக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒட்டுறதுக்கு ராபர்ட்சோனியன் மாற்றம்னு பேரு, ராபர்ட்சன்ங்கிறவரு 1916ல வெட்டுக்கிளியில பாத்தது. மனுஷங்கள்ல சுமார் ஆயிரத்துல ஒருத்தர் இப்படித்தான் நடமாடிக்கிட்டு இருக்காங்க, தங்களுக்கு இருக்குன்னே தெரியாது. நீங்க போற டவுன் பஸ் ரூட்ல தெனமும் ஏறி இறங்குறவங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க.

பிரச்சனை வர்றது குழந்தைக்குக் குடுக்கிறப்போதான். ஸ்ட்ராவை அந்தப் பொண்ணு கையிலயே குடுத்து, முட்டைக்குள்ள போக பங்கு பிரிங்கன்னேன். ஆறு விதமா பிரிக்கலாம். ஒட்டாத நீலம், ஒட்டாத சிவப்பு போனா முழு நார்மல். ஒட்டினது மட்டும் போனா அம்மா மாதிரியே 45, ஆரோக்கியம். ஒட்டினதும் கூட இன்னொரு சிவப்பும் போனா பாப்பா மாதிரி. மீதி மூணும் கரு தங்காது, சில சமயம் நாள் தள்ளிப்போனது கூட தெரியாம முடிஞ்சிடும். இங்க வந்தப்போ அந்தப் பொண்ணு நிறுத்திட்டு, "பாப்பாவுக்கு முந்தி ஒண்ணு ஒன்பது வாரத்துல கலைஞ்சுச்சு மேடம்"னு சொல்லுச்சு. அது இதனாலயான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஏன்னா தெரிஞ்ச கர்ப்பத்துலயே நூத்துக்கு பதினஞ்சு சும்மாவே கலையும். ஆனா இருக்கலாம். அன்னைக்கு வண்டியில போனதாலன்னு மாமியார் சொல்லிட்டு இருந்திருக்காங்க.

உயிரோட பொறக்கக்கூடிய மூணு விதம்னா மூணுல ஒண்ணுதானேன்னு கணக்குப் போடத் தோணும், அப்படி இல்ல. அம்மா கேரியரா, அதாவது தனக்கு ஒண்ணும் இல்லாம ஒட்டின குரோமோசோமை மட்டும் வச்சிருக்கிறவங்களா இருந்தா, டவுன் சிண்ட்ரோம் குழந்தை பொறக்குற வாய்ப்பு நூத்துக்கு 10ல இருந்து 15. அப்பா கேரியரா இருந்தா ஒண்ணு, அதுக்கும் கீழ. விந்தணு உருவாகுறப்போவே கணக்கு தப்பின செல் நிறைய வடிகட்டப்படுதுன்னு காரணம் சொல்றாங்க. இதுல ஒரே ஒரு கொடுமையான வகை இருக்கு, 21ம் 21ம் ஒட்டிக்கிட்டா பொறக்குற குழந்தை அத்தனையும் டவுன் சிண்ட்ரோம்தான், தப்பிக்க வழியே இல்ல. இங்க அது இல்லங்கிறதும் கேரியோடைப் எடுத்ததாலதான் தெரிஞ்சுச்சு.

மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. "அவங்க வீட்ல சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டித்தான் இப்படி." கேக்க லாஜிக்கா இருக்கும். ஆனா இந்தப் பொண்ணு கட்டினது அசல்ல! சொந்தத்துல கட்டுறப்போ வர்றது வேற வகை நோய், ரெண்டு பக்கமும் ஒரே பழுதான ஜீன் மறைஞ்சு இருந்து ஒண்ணு சேர்றது. டவுன் சிண்ட்ரோமுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரியே இவங்ககிட்டயும் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள குடும்பப் படம் வரைஞ்சேன், பேனாவை வச்சிட்டேன்.

பாப்பா அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. தங்கச்சிக்கு 21 வயசு, கட்டிக்குடுத்தது சொந்தத் தாய்மாமனுக்கு, அதாவது அவங்க அம்மாவோட கடைசித் தம்பிக்கு. இப்போ 13 வாரம் முழுகாம இருக்கு. சாதாரணமா சொந்தத்துல கட்டினது குரோமோசோம் விஷயத்துல கணக்கே இல்ல, ஆனா அந்தச் சொந்தத்துக்குள்ளயே ஒரு ஒட்டின குரோமோசோம் சுத்திக்கிட்டு இருந்தா? பாப்பாவோட அம்மாச்சிகிட்ட இருந்து இது வந்திருந்தா தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அம்மாச்சியோட தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ரிஸ்க் ரெண்டு பக்கமும் இருந்து வரும், அதோட ரெண்டு பக்கமும் ஒட்டினதையே வாங்கிக்கிட்டு 44 குரோமோசோமோட ஒரு குழந்தை கூட பொறக்கலாம். அப்படி 44ஓட ஆரோக்கியமா இருக்கிறவங்க உலகத்துல சிலர் பதிவாகியிருக்காங்க, சொந்தத்துல கட்டின குடும்பங்கள்லதான். பதினெட்டு வருஷமா "சம்பந்தம் இல்லம்மா"ன்னு சொல்லிக்கிட்டு இருந்த எனக்கு அன்னைக்கு நாக்கைக் கடிச்சுக்கிற மாதிரி ஆச்சு.

ஒரு சட்டச்சிக்கல், சட்டம்னு சொல்ல முடியாது, மரியாதைச் சிக்கல். தங்கச்சிக்கு நான் போன் போட்டுச் சொல்லக்கூடாது. ரிப்போர்ட் அக்காவோடது, அவங்க சம்மதம் இல்லாம அவங்க அம்மாகிட்ட கூட நான் வாயைத் திறக்க முடியாது. நாங்க பண்றது, ஒரு பக்கத்துல எளிய தமிழ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கிறது, குடும்பத்துல இப்படி ஒரு குரோமோசோம் மாற்றம் இருக்கு, ரத்த உறவுல உள்ளவங்க இந்த டெஸ்ட் எடுத்துக்கலாம், எடுக்கணும்னு கட்டாயம் இல்லன்னு. அதை அவங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும். அந்தப் பொண்ணு நாலு நாள் குடுக்கல. தங்கச்சி முழுகாம இருக்கிறப்போ இதை எப்படி சொல்றது, பயந்து ஏதாவது ஆயிட்டா என் தலையில விழும்னு. ஞாயம்தான். ஆனா நாள் ஓடுது. கடைசியில வீட்டுக்காரரே வாட்ஸாப்ல போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு, அதுவும் தங்கச்சிக்கு இல்ல, குடும்ப குரூப்புல. என்ன சொல்றது!

அடுத்த திங்கக்கிழமை எட்டு பேர் வந்து நின்னாங்க.

அம்மாச்சிக்கு 50 வயசு. அவங்ககிட்ட கேட்டேன், பொறந்து தங்காம போனது ஏதாவது இருக்கான்னு. ரெண்டு கலைஞ்சிருக்கு. அதுக்கும் முந்தி முதல் புள்ளை 1993ல, ஆம்பளப் புள்ளை, அஞ்சு மாசம் இருந்திருக்கு. பால் குடிக்காது, அழுதா உதடு நீலம் பாரிச்சிடும், தலை நிக்கல. பட்சி தோஷம்னு மந்திரிச்சிருக்காங்க, கழுத்துல தாயத்து கட்டிருக்காங்க. கருப்பமா இருக்கிறப்போ கெரகணத்தன்னைக்கு வெளிய வந்துட்டான்னு மாமியார் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சாம். பாக்காத குழந்தைக்கு நான் இப்போ நோய்ப் பேரு வைக்க மாட்டேன், ஆனா சொல்லச் சொல்ல எங்க டாக்டரும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அம்மாச்சிக்கு ரிசல்ட் 45. அதைச் சொன்னப்போ அவங்க கேட்டது "அப்போ கெரகணத்தால இல்லையா தாயி?" இல்லம்மான்னேன். "அப்போ என்னாலதானா?"ன்னாங்க அடுத்த மூச்சுல. ஒரு பழியை எடுத்தா இன்னொண்ணு வந்து உக்காந்துக்குது. உங்களுக்கும் யாரோ குடுத்ததுதான், உங்க அப்பாவோ அம்மாவோ, அவங்களுக்கு யாரோ, தெரிஞ்சு யாரும் குடுக்கலன்னு சொன்னேன், எவ்ளோ உள்ள போச்சோ தெரியல. அவங்க அம்மா, எழுபதைத் தாண்டினவங்க, உயிரோடதான் இருக்காங்க, "பத்து பெத்தேன், நாலு தங்குச்சு"ன்னு சாதாரணமா சொன்னாங்க. அந்தக் காலத்துல யார் வீட்லதான் தங்குச்சு, அதை வச்சு எதையும் முடிவு கட்ட முடியாது. அவங்களுக்கு ரத்தம் எடுக்கல, எடுத்து யாருக்கும் உபயோகம் இல்ல, அம்மாச்சியோட கூடப் பொறந்தவங்களை நேரா டெஸ்ட் பண்ணிட்டா போதும்.

தங்கச்சி போயிட்டு இருந்த இடத்துல என்ஐபிடி பண்ணிக்கோங்கன்னு சொல்லிருந்தாங்க, அம்மா ரத்தத்துல இருந்தே குழந்தையோட குரோமோசோம் அளவைப் பாக்கிற டெஸ்ட். நல்ல டெஸ்ட்தான், 21 எக்ஸ்ட்ரா இருந்தா ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பெரும்பாலும் காட்டிக்குடுத்துடும். ஆனா அது ஸ்க்ரீனிங், முடிவு இல்ல, கேரியர்னு தெரிஞ்ச குடும்பத்துக்கு அதோட நிறுத்தக்கூடாது. அதோட அளவு சரியா இருந்து இடம் மாறி ஒட்டியிருக்கிறதை அது காட்டாது, குரோமோசோம்ல ஏதாவது துண்டு கூடியிருக்கா கொறைஞ்சிருக்கான்னு பாக்கிற மைக்ரோ அர்ரேயும் காட்டாது. பத்தாயிரம் இருபதாயிரம் குடுத்து எடுக்கிற புது டெஸ்ட்டுக்குத் தெரியாதது பழைய கேரியோடைப்புக்குத் தெரியும்ங்கிறதை நம்ப வைக்கிறதே பெரும்பாடு.

தங்கச்சியும் மாமாவும் ரத்தம் குடுத்துட்டுப் போன பதிமூணு நாள் எனக்கே தூக்கம் கம்மி. வந்துச்சு. தங்கச்சிக்கு 46, முழு நார்மல். மாமாவுக்கு 45.

எல்லாரும் தங்கச்சியைப் பத்தியே கவலைப்பட்டாங்க, மாமாவை யாரும் கணக்குலயே எடுக்கல. அக்கா மகளைக் கட்டினதால அவர் மாப்பிள்ளை முறையா மட்டும்தான் எல்லார் மனசுலயும் இருந்தாரு, ரத்த உறவும் அவர்தான்ங்கிறது மறந்தே போச்சு. அப்பா பக்கம்ங்கிறதால ரிஸ்க் ஒரு சதவீதம் கிட்ட. பனிக்குட நீரை எடுத்துப் பாக்கிறது அவங்க இஷ்டம், ஊசி போடுறதால கரு கலையுற ரிஸ்க் ஆயிரத்துக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சொல்றாங்க, ரெண்டையும் தராசுல வச்சுப் பாருங்கன்னோம். தங்கச்சி வேணாம்னு சொல்லுச்சு, மாமாதான் வேணும்னாரு, ராத்திரி பூரா பேசியிருப்பாங்க போல, காலையில வந்து சரின்னாங்க. 16 வாரத்துல எடுத்தோம். க்யூஎஃப் பிசிஆர்ங்கிற சீக்கிர டெஸ்ட்ல மூணே நாள்ல 21 ரெண்டு காப்பிதான்னு வந்துடுச்சு, அதுலயே பாதி உயிர் வந்துச்சு எல்லாருக்கும். கல்ச்சர் முடிஞ்சு முழு ரிப்போர்ட் வந்தப்போ 45, அப்பா மாதிரியே.

அத்தோட விட்டுடலாம்னு தோணும், விடக்கூடாது. 14ஆம் குரோமோசோம் சம்பந்தப்பட்டிருந்தா இன்னொண்ணு பாக்கணும். ஆரம்பத்துல மூணு 14 இருந்து, கரு தானே ஒண்ணை உதறித் தப்பிச்சிருந்தா, மிஞ்சின ரெண்டும் அப்பா அம்மாவுல ஒரே ஆள்கிட்ட இருந்து வந்ததா இருக்க வாய்ப்பு உண்டு, எண்ணிக்கை சரியா இருந்தும் குழந்தைக்குப் பிரச்சனை வரும். வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கும் கீழதான், ஆனா இதுக்குன்னு தனி டெஸ்ட் கேட்டாதான் பண்ணுவாங்க. கேட்டோம், அதுவும் இல்லன்னு வந்துச்சு. ரிப்போர்ட்ல பாலினக் குரோமோசோம் போடமாட்டோம், கருவுல இருக்கிறது ஆணா பொண்ணான்னு சொல்லக்கூடாதுங்கிற 1994 சட்டம் அப்படி. மாமியார்ங்கிற முறையில, பாட்டிங்கிற முறையில, ரெண்டு முறையிலயும் உரிமை உள்ள அந்த எழுபது வயசு அம்மா ரகசியமா வந்து கேட்டுப் பாத்தாங்க. சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னுட்டேன்.

அந்த வாட்ஸாப் குரூப் லெட்டர் இதுக்குள்ள எங்கெங்கயோ போயிருக்கு. அம்மாச்சியோட தங்கச்சி மக ஒருத்தி திருப்பூர்ல இருக்கா, நாலு தடவை கலைஞ்சு, ஐவிஎஃப் வரைக்கும் போயாச்சு. ஃபைலைப் பாத்தா ஒரு அடி உசரம், ஹார்மோன், கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தம் உறையுறதுக்கு எடுத்தது, எல்லாம் இருக்கு, புருஷன் பொண்டாட்டி கேரியோடைப் மட்டும் இல்ல. திரும்பத் திரும்ப கலையுற தம்பதிகள்ல நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு ஜோடியில யாராவது ஒருத்தருக்கு இப்படி மாற்றம் இருக்கும், முதல் பக்கத்துலயே இருக்கவேண்டிய டெஸ்ட். எடுத்தோம், 45. அவளுக்கு ஐவிஎஃப்லயே கருவை டெஸ்ட் பண்ணி வைக்கிற வழி இருக்கு, லட்சக்கணக்குல ஆகும், யோசிக்கிறாங்க.

பாப்பாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு. இப்போ எட்டிப்பிடிச்சு நடக்குறா, என் டேபிள்ல இருக்கிற ஸ்ட்ராவை எடுத்து வாயில வச்சுக்கிறா. அவ அம்மாகிட்ட அடுத்த குழந்தை பத்திப் பேசினப்போ வழி எல்லாம் சொன்னேன், 11ல இருந்து 13 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடித் திசு எடுத்தே பாக்கலாம், முன்னாடியே தெரிஞ்சா முடிவு எடுக்க அவகாசம் இருக்கும், 2021ல திருத்தின சட்டப்படி குழந்தைக்கு பெரிய குறை இருந்தா 24 வாரம் வரைக்கும் கருவைக் கலைக்க அனுமதி உண்டு, அதுக்கு மேலன்னா மெடிக்கல் போர்டு. எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு சொன்னது: "இவ மாதிரி இன்னொண்ணு வேணாம்னு டெஸ்ட் பண்றது, இவளையே வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு மேடம்." இதுக்கு எங்க படிப்புல பதில் இல்ல. டெஸ்ட் எடுத்துட்டு குழந்தையை வச்சுக்கிறவங்களும் இருக்காங்க, ஆப்பரேஷன் வசதி உள்ள இடத்துல பிரசவம் பாக்க முன்கூட்டியே தெரியட்டும்னு எடுக்கிறவங்களும் இருக்காங்க, எடுக்கவே வேணாம்னு போறவங்களும் இருக்காங்க, அது மட்டும்தான் சொன்னேன். இன்னும் முடிவு பண்ணல. மாமியார் மட்டும் இப்போ வண்டியில போனதைப் பத்திப் பேசுறது இல்லையாம்.

மிச்சம் இருந்தது அண்ணன். 27 வயசு, பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. எட்டு பேர் வந்த அன்னைக்கு அவரும் வந்தாரு, வெளியில பெஞ்ச்லயே உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருந்துட்டு ரத்தம் குடுக்காம போயிட்டாரு. "தெரிஞ்சா பொண்ணு வீட்ல சொல்லணும், சொன்னா யார் குடுப்பா, தெரியாமலே இருந்துட்டுப் போறேன்." அம்மாச்சிக்கு ஆத்தாமை, எங்களை விட்டுச் சொல்லச் சொன்னாங்க. வற்புறுத்தக்கூடாது, அவரோட உரிமை அது. ஆம்பள கேரியருக்கு ரிஸ்க் எவ்ளோ கம்மின்னு, சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம்னு, அந்த லெட்டர்ல ஒரு வரி சேத்து எழுதி மட்டும் அனுப்பினேன். பொண்ணு வீட்ல சொல்றதைப் பத்தி எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் இருக்கு, கட்டிக்கப் போறவளுக்கு முன்னாடியே தெரியணும்ங்கிறது, அது என் வீட்டு அபிப்பிராயம், கவுன்சலிங் ரூம்ல அதுக்கு இடம் இல்ல.

ஏழு மாசம் கழிச்சு, போன ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஒரு மெசேஜ். பேரு கூட போடல. "மேடம், அந்த 45 டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரணுமா?"

வேணாம், சாப்பிட்டே வாங்கன்னு போட்டேன். திங்கக்கிழமை வந்தாரு, கூட ஒரு பொண்ணும் வந்துச்சு, யாருன்னு நான் கேக்கல. பச்சை மூடி டியூப்ல மூணு மில்லி. இன்னைக்கு கல்ச்சர் ரெண்டாவது நாள்.